முன் வாசற்படியிலிருந்து தொண்ணூறு அடி

பத்திரப்பதிவு திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. வீட்டை விற்பவரோ அதற்கு முந்தைய வியாழக்கிழமையே வீட்டைக் காலி செய்து, சாவியை என் மகளின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விலையில் பத்தில் ஒரு பங்குதான் அதுவரை அவருக்குக் கிடைத்திருந்தது. பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மீதிப் பணம் வருமுன் சாவியைக் கொடுத்த ஒருவரைக்கூட அங்கே நான் கண்டதில்லை.

"பெருந்தன்மையான மனுஷன்மா. அதுகூட உனக்குப் பிடிக்காதா?" என்றாள் மகள்.

"பெருந்தன்மைக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"ஆரம்பிச்சிட்டியா?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இதற்கு முன் அவளும் மருமகனும் விரும்பிய மூன்று வீடுகளையும் தட்டிக்கழித்தவள் நான்தான். முதல் வீட்டின் பத்திரத்தில் கிழக்கு எல்லை இரண்டு முறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதில் ஒரு சாட்சியின் தந்தை பெயர் விடுபட்டிருந்தது. மூன்றாவதில் பக்க எண் ஒன்று தவறியிருந்தது. அந்த மூன்று வீடுகளிலும் இன்று வேறு குடும்பங்கள் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்கின்றன. ஆகவே நான்காவது வீட்டை எனக்குக் காட்டாமலேயே முன்பணம் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை சாமான்களை ஏற்றிய லாரி என் வாசலில் ஒரு நிமிடம் நின்றது. மகள் இறங்கிவந்து, பழைய பத்திரக் கட்டை என் மேசையில் வைத்தாள்.

"எழுத்துப்பிழை இருந்தா சொல்லு. வீட்டைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே."

அந்த வீடு அவர்கள் இருவருக்காக மட்டும் வாங்கப்படவில்லை. மருமகனின் தந்தை ரயில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாதம் வந்து கால்கள் இரண்டும் செயலிழந்துபோக, சக்கர நாற்காலியோடு முடங்கிவிட்டவர். வாழ்நாள் முழுவதும் தண்டவாளத்தையே பார்த்த மனிதர் மீதி நாளையாவது கடலைப் பார்த்துக் கழிக்கட்டும் என்பது மகனின் ஆசை. கடலை நோக்கிய முன்னறையை அவருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை கட்டைப் பிரித்தேன். நூற்றுப் பத்து ஆண்டுகளில் அந்த வீடு நான்கு முறை கைமாறியிருந்தது. நான்கு பத்திரங்களிலும் சொத்து விவரம் ஒன்றே: "மேட்டின்மேல் கடலை நோக்கி அமைந்த வீடு, பன்னிரண்டு அறைகள் கொண்டது, முன் வாசற்படியிலிருந்து மேட்டின் விளிம்பு வரை தொண்ணூறு அடி." ஓர் எழுத்து மாறவில்லை, ஒரு புள்ளி பிசகவில்லை. முதலில் எனக்கு மகிழ்ச்சியே ஏற்பட்டது. சொத்து விவரத்தை முந்தைய பத்திரத்தில் உள்ளபடியே படியெடுக்க வேண்டும் என்பது பிரதிகளை மூலத்தோடு சரிபார்க்கும் எங்கள் ஒப்புநோக்குப் பிரிவின் இரும்புச் சட்டம். அந்தப் பிரிவுக்குப் பதினோர் ஆண்டுகள் தலைவியாக இருந்தவள் நான். எழுத்தர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயர் சிவப்பு மை.

கட்டின் அடியில் தரகர் அச்சடித்த வண்ணத்தாள் ஒன்று இருந்தது. வீட்டின் பழைய உரிமையாளர்களைப் பற்றி அதில் பெருமையாக எழுதியிருந்தார். கட்டியவர், உடைந்த கப்பல்களை ஏலத்தில் எடுத்தவர். வீட்டின் கதவுகள் எல்லாமே கப்பல் கதவுகள். கடலைப் பார்த்து ஒரு நடன மண்டபம் கட்டி, ஆடத் தெரியாத காலோடு தானே முதலில் ஆடுவாராம். அவரிடம் வாங்கியவர் ஒரு நாடக நடிகை. முன்னறை முழுவதும் கண்ணாடி பதித்து, சாகும் காட்சியை மட்டும் நாள்தோறும் ஒத்திகை பார்த்தவர்; அக்கம்பக்கத்தார் முதல் மாதம் ஓடிவந்தார்களாம், இரண்டாவது மாதத்திலிருந்து கைதட்டினார்களாம். அடுத்தவர் பல் மருத்துவர். முன்னறையில் நாற்பது கிளிகளை வளர்த்து, நாற்பதுக்கும் "வாயைத் திற" என்று சொல்லப் பழக்கியவர். அவருக்குப் பின் கடிகார வியாபாரம் செய்த இரட்டையர்கள். ஏதோ மனத்தாங்கலில் பேச்சை விட்டுவிட்டு, முன்கூடத்தின் நடுவே சுண்ணாம்புக்கோடு கிழித்து ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு, ஒருவருக்கொருவர் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார்களாம். கடைசியாக, இப்போது விற்கும் வாசனைத் திரவிய வியாபாரி.

வாசித்துச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிரித்து முடித்த பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. தரகரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நடன மண்டபம் இப்ப எந்த அறை?"

"அது இப்ப இல்லம்மா. நடிகை காலத்துலயே இடிச்சாச்சு. சுவர்ல விரிசல்."

"கண்ணாடி அறை?"

"அதைப் பல் டாக்டர் இடிச்சார்."

"கிளி அறை?"

"அதுவும் இல்லம்மா. சுண்ணாம்புக்கோடு போட்ட கூடமும் இல்ல. பழைய கட்டடம் பாருங்க, முன்பக்கம் உப்புக்காத்து அரிக்கத்தான் செய்யும்."

"அப்புறம் எப்படிப் பன்னிரண்டு அறை இருக்கு?"

"முன்னால ஒண்ணு போனா பின்னால ஒண்ணு கட்டிக்குவாங்க. கணக்குக் குறையவே குறையாது!"

"இப்ப பின்னால எவ்வளவு இடம் இருக்கு?"

"பின்னால இடம் ஏதும்மா? ரோடுதான். பின்சுவரை உரசிக்கிட்டுத்தான் பஸ்ஸே போகுது. எவ்வளவு வசதி, சொல்லுங்க!"

தொலைபேசியை வைத்தேன். நூற்றுப் பத்து ஆண்டுகளாக அந்த வீடு கடலுக்கு முதுகைக் காட்டாமல், ஓர் அறை ஓர் அறையாகப் பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இனிப் பின்வாங்க இடமில்லை. பத்திரங்களில் மட்டும் அது முதல் நாள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

நான்காவது பத்திரத்தோடு அதன் அலுவலகப் பிரதியும் கட்டில் இருந்தது; அதை இப்போதுதான் பிரித்தேன். இரட்டையர்கள் வாசனை வியாபாரிக்கு விற்றது. இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டது. "தொண்ணூறு" என்ற சொல் அதில் வரிக்கு மேலே எழுதப்பட்டிருந்தது. கீழே அடிக்கப்பட்டிருந்த சொல் "முப்பத்தெட்டு". ஓரத்தில் சிவப்பு மையில் சுருக்கொப்பம். ஒப்பம் என்னுடையது.

அந்த எழுத்தரின் முகம் நினைவுக்கு வந்தது. வேறோர் ஊரிலிருந்து மாற்றலாகி வந்தவர், நாற்பது வயதிருக்கும், சாந்தமான மனிதர்.

"நான் நேர்ல போய் அளந்தேன்மா. முப்பத்தெட்டு அடிதான் இருக்கு," என்றார்.

"உங்களை யார் அளக்கச் சொன்னது? பார்த்து எழுதறதுதான் உங்க வேலை."

"பார்த்துத்தான்மா எழுதினேன்."

பிரிவில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிப்பதற்காக அதைச் சொல்லவில்லை. நான் அவருடைய கண்முன்னே அந்த எண்ணை அடித்து, பழைய பத்திரத்தில் இருந்ததை எழுதி, மூன்று நாள் சம்பளப் பிடித்தத்துக்கும் பரிந்துரை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அழைப்பில்லாமல் அந்த வீட்டுக்குப் போனேன். பேருந்திலிருந்து இறங்கினால் பின்வாசல். தரகர் பொய் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததும் வாசனை முகத்தில் அடித்தது. மல்லிகை, சந்தனம், இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ. அந்த வாசனைக்கு அடியில், குனிந்து கைப்பையைத் தரையில் வைத்தபோது, ஈரமண்ணின் நாற்றம் தனியே தெரிந்தது. பின்னறைகளின் கதவுகள் நேராக இருந்தன. முன்னே போகப்போக ஒவ்வொரு கதவின் அடிப்பாகமும் சாய்வாக இழைக்கப்பட்டிருந்தது. கதவு தரையில் உரசும்போதெல்லாம் இழைப்புளி போட்டிருக்கிறார்கள். முன்னறைக் கதவின் ஒரு மூலைக்கும் மறுமூலைக்கும் இடையே மூன்று விரற்கடை வேறுபாடு இருந்தது.

முன்னறையில் சம்பந்தி கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, சம்பந்தியம்மா! பத்திரத்துல எத்தனை கால்புள்ளி காணோம்?"

"கால்புள்ளி எல்லாம் சரியா இருக்கு. உங்களுக்கு இங்க எப்படி இருக்கு?"

அவர் கதவுப் பக்கம் பார்த்து, யாரும் இல்லை என்று கண்டபின் குரலைத் தாழ்த்தினார். "இந்தச் சக்கரத்துக்கு பிரேக் போடலைன்னா வண்டி தானா கடல் பக்கம் போகுது. முப்பது வருஷம் ரயில் ஓட்டினவன், சரிவு தெரியாதா எனக்கு? நேத்து சாயந்தரம் இருந்ததைவிட இன்னிக்கு வேகமாப் போகுது."

"மகன்கிட்ட சொன்னீங்களா?"

"எனக்காக வாங்கின வீடு. எந்த வாயால சொல்றது?"

மகளும் மருமகனும் வந்தார்கள். மகள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்தாள். "நாலாவது வீட்டுலயும் குத்தம் கண்டுபிடிச்சாச்சா? எத்தனாவது பக்கம், எத்தனாவது வரி?"

"குத்தம் என்னுது," என்றேன்.

அவள் கை இடுப்பிலிருந்து இறங்கியது. நான் அப்படி ஒரு வாக்கியம் சொல்லி அவள் கேட்டதில்லை. பிரதியை விரித்து, அடிக்கப்பட்ட எண்ணையும் என் ஒப்பத்தையும் காட்டினேன். இடிந்த நான்கு அறைகளையும் சொன்னேன். அந்த எழுத்தர் கண்ணால் கண்டதை எழுதினார், நான் காகிதத்தை நம்பி அதை அடித்தேன், அன்று அந்த எண் நின்றிருந்தால் இந்த வீட்டை இன்று எவரும் விலைக்குக் கேட்டிருக்க மாட்டார் என்று சொல்லி முடித்தேன்.

மருமகன் உள்ளே போய் அளவுநாடா எடுத்துவந்தார். மகள் வாசற்படியில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் மறுமுனையோடு நடந்தார். புல் முடிந்து மணல் தொடங்குமிடத்தில் நின்றார். இன்னும் ஓரடி எடுத்துவைக்கக் காலைத் தூக்கியவர், தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். கீழே, நாங்கள் நின்ற தரைக்கு அடியிலிருந்து, அலை எதிலோ புகுந்து மோதும் ஓசை வந்தது. வெளியிலிருந்து வரும் ஓசையன்று அது.

"பத்தொன்பது," என்றார்.

நாடாவைச் சுருட்டிக்கொண்டே திரும்பி வந்தார். அவர்தான் முதலில் பேசினார். மெதுவாக, கணக்குப் போடுகிறவரைப்போல.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது. முன்பணம் முழுக்க எங்க சேமிப்பு. இப்ப வேண்டாம்னு சொன்னா அது திரும்பி வராது. பதிவை முடிச்சிடறோம். ஒரு வருஷம், மிஞ்சிப்போனா ரெண்டு வருஷம் இருந்துட்டு வித்துடறோம். பத்திரத்துல தொண்ணூறுன்னுதானே இருக்கு?"

அப்போதுதான் அந்த ஐந்து உரிமையாளர்களையும் நான் சரியாகப் புரிந்துகொண்டேன். அவர்களில் ஒருவரும் ஏமாளி இல்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பிற்பகலில் இதேபோல் அளந்திருப்பார். அளந்த பின் நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு, அடுத்தவரைத் தேடியிருப்பார். ஆடியவரும் அழுதவரும் கிளி வளர்த்தவரும் கடிதம் எழுதியவர்களும் தமக்குப் பின் வருகிறவர்களுக்கு ஒரே வரியைப் பத்திரமாகக் கைமாற்றியிருக்கிறார்கள். அந்த வரிக்குக் காவல் இருந்தவள் நான்.

"அடுத்து வாங்கறவங்க வீட்டுலயும் ஒரு பெரியவர் இருப்பார், மாப்பிள்ளை."

"அதை அவங்க பாத்துக்குவாங்க அத்தை. நமக்கு யாராவது பாத்தாங்களா?"

"நாளைக்குப் பத்து மணிக்குப் பதிவு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் அலுவலகத்துல ஆட்சேபனை மனு கொடுக்கப் போறேன். என் பிழையைச் சொல்லி, சரியான அளவையும் எழுதித் தரப்போறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டை யாரும் வாங்க முடியாது, யாரும் விக்கவும் முடியாது."

மகள் என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அம்மா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை, ஒரு பிழையைக் கண்டும் காணாம விடேன். எனக்காக."

"உன் மாமனாரையாவது பின்னறைக்கு மாத்து."

"நாளைக்கு மாத்தறோம். கட்டிலைக் கழட்டணும், ஆளு வரணும்." அதோடு அவள் திரும்பிக்கொண்டாள். பின்வாசல் வரை என்னோடு யாரும் வரவில்லை. முன்னறையிலிருந்து சம்பந்தியின் குரல் மட்டும் கேட்டது: "சிவப்பு மையில எழுதுங்க, சம்பந்தியம்மா!"

இரவு மழை பெய்தது. மறுநாள் காலை ஒன்பதரை மணிக்கு அலுவலக வாசலில் நின்றேன். என்னை அறிந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. மனுத்தாளில் சொத்து விவரத்தை எழுதினேன். பிழை எது, பிழை செய்தவர் யார், எந்த நாளில், எல்லாம் எழுதினேன். சரியான அளவு பத்தொன்பது அடி என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். "இம்மனுவால் பாதிக்கப்படுவோர்" என்று ஒரு கட்டம் இருந்தது. வாழ்நாளில் ஆயிரக்கணக்கான மனுக்களில் அந்தக் கட்டம் சரியாக நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை. "என் மகள், அவள் கணவர்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுத்தர் முத்திரை குத்தினார்.

படியிறங்கும்போது கைப்பேசி அடித்தது.

"மனு கொடுத்துட்டியா?" மகளின் குரல் வேறாக இருந்தது.

"கொடுத்துட்டேன்."

"அம்மா, மாமா ரூம் கதவு திறக்க மாட்டேங்குது. உள்ள இருக்கார். நேத்து நல்லாத் திறந்துச்சு, இப்ப மேல் சட்டத்துல இறுக்கிப் பிடிச்சிருக்கு. இவர் வெளியில இருந்து தோளால முட்டறார், அசையல."

"தோளால முட்டினா முழுச் சுவரும் அதிரும். வேண்டாம்னு சொல்லு. கீல் எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்."

"கீல் ஆணியைத் தட்டி எடுக்கச் சொல்லு. மேல உள்ளதை முதல்ல எடுக்கக் கூடாது, கதவு சரியும். கீழ் ஆணி முதல்ல. உன் மாமனாரை பிரேக்கை விடாம பிடிச்சுக்கச் சொல்லு. நீ பின்வாசலைத் திறந்து வை, செருப்பைத் தேடாதே."

நான் சொன்னதை அவள் அப்படியே கணவரிடம் திருப்பிச் சொன்னாள். சுத்தியல் ஓசை கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு நீண்ட இடைவெளி. நான் படியில் நின்றபடியே கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். என்னைக் கடந்து மக்கள் பத்திரங்களோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். மரம் கிறீச்சிட்டது. கனமான ஏதோ தரையில் விழுந்தது. சம்பந்தி, "டேய், மெதுவாடா, நான் என்ன சரக்கு வண்டியா?" என்று சத்தம் போட்டது தெளிவாகக் கேட்டது. சக்கரங்கள் ஓடின. ஒவ்வோர் அறையிலும் தரையின் ஓசை மாறியது. நான் அறைகளை எண்ணினேன். பதினொன்றாவதைத் தாண்டியதும் பேருந்தின் ஒலிப்பானும் தெருவின் இரைச்சலும் கேட்டன.

பிறகு வந்த ஓசைக்கு எனக்குச் சொல் தெரியாது. இடியைப்போல அது மேலிருந்து வரவில்லை. நெடுநேரம் அடக்கிவைத்த மூச்சை யாரோ கீழிருந்து விட்டதைப்போல இருந்தது. அது முடிந்ததும் கடல் மட்டும் கேட்டது, மிக அருகில்.

"எல்லாரும் வெளியில இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கோம்." பிறகு, "மனுவுல எவ்வளவுன்னு எழுதின?" என்று கேட்டாள்.

"பத்தொன்பது அடி. முன் வாசற்படியிலிருந்து."

"திரும்ப உள்ள போய் அதை அடிச்சிடும்மா," என்றாள். "அளக்க ஆரம்பிக்கிற படியே இப்ப இல்ல."